எங்கள் பெயரில் இல்லாத விலாசம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கொமியுனிகேஷன் கடையில்தான் என் இருபது வயதுகள் கழிந்தன. கொமியுனிகேஷன் என்றால் வெளிநாட்டு டெலிபோன், ஃபெக்ஸ், போட்டோ பிரதி, கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது, கடைசியாக வந்து சேர்ந்த இன்டர்நெட். முன்பக்கம் அரிசி, பருப்பு, கருவாடு விற்கும் பலசரக்குக் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, பின்பக்கம் நானும் கொம்பியூட்டரும். கருவாட்டு வாசத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்தோடு தொடர்பு கொள்ளும் கலையைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் நிறையப் பேச முடியும்.

இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி. முஸ்லிம். அவருடைய வாப்பா காலத்துக் கடை அது. அங்கே சாமான்களோடு இன்னொன்றும் கிடைத்தது, காசு வாங்காமல்: விலாசம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒற்றை அறைக் காம்பிராவுக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்துப் பெயரை எழுதிப் போட்டால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் யார் கை மாறி, எந்த மேசையில் கிடந்து, எப்போது நம்மிடம் வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் டவுனில் ஒரு கடையின் விலாசத்தைக் கொடுத்து வைப்பார்கள். எங்கள் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. வட்டவளையிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் எத்தனையோ குடும்பங்களின் கடிதங்கள் அதற்குள் கிடந்தன. சம்பளம் போட்ட ஞாயிறு சாமான் வாங்க வரும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். முதலாளி ஒரு கடிதத்தைப் பிரித்தார் என்றோ தொலைத்தார் என்றோ நான் கேள்விப்பட்டதில்லை. நமக்கு வர வேண்டியது அடுத்தவர் விலாசத்துக்கு வருவதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்.

அந்தப் பெட்டியில் ஒரு வகைக் கடிதம் மட்டும் போன வழியே திரும்பி வரும். இந்தியாவுக்கு எழுதியவை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்டு, ஒரு பங்கை ரயில் கோச்சியில் ஏற்றித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் அக்கரைக்கும் அனுப்பிய கதை தெரிந்ததுதான். அண்ணன் போனான், தங்கை நின்றாள். தாய் போனாள், கட்டிக்கொடுத்த மகள் நின்றாள். அங்கே போனவர்கள் நீலகிரி, கொடைக்கானல் என்று வேலை கிடைத்த பக்கமெல்லாம் சிதறியதில் கடிதங்களுக்கு வழி தெரியாமல் போயிற்று.

ஒருநாள் முதலாளி அப்படித் திரும்பி வந்த கடிதமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மகள், இந்த நெட்ல போட்டா ஒலகம் முழுக்கப் பாக்கும்டு செல்றாங்களே. இந்தச் சனத்துட பேரையெல்லாம் அதுல போட்டா என்னா?"

அப்படித்தான் எங்கள் இணையத்தளம் பிறந்தது. இன்னார், இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், தேடும் ஆள் இன்னார். அவ்வளவுதான் அதில் இருந்தது. தமிழ் எழுத்து பாதிக் கொம்பியூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் பெயர்களை இங்கிலீஷ் எழுத்திலும் போட்டோம். பக்கத்தின் அடியில் ஒரு மெயில் விலாசம். அதுவும் தளத்தின் பெயரிலேயே இருந்தது. அதற்கு வரும் பதிலை நான் அச்செடுத்துத் தேயிலைப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

தளத்தை அமைத்துக் கொடுத்தது வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு கம்பனி வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி. நல்ல பிள்ளை. ஹட்டன் குளிருக்குத் தொப்பியும் மப்ளருமாக வந்து, இரண்டு பிளேன்டீ குடித்துவிட்டு, தளத்தின் பெயரை யாருடைய பெயரில் பதிவது, எந்த விலாசம், எந்த மெயில் என்று கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"ஒங்கட பேர்லயே போடுங்க தம்பி," என்றார் முதலாளி. "கொழும்பு விலாசம் ஈக்கிற நேரம் எங்கட விலாசம் என்னத்துக்கு?"

தலைமுறை தலைமுறையாக ஊருக்கே விலாசம் கொடுத்த மனிதர். அதே மரியாதையை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம் என்ற பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை. தம்பியும் சரியென்று எழுதிக்கொண்டார். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வருவார். கொழுந்து எடுப்பவர். புருஷன் இல்லை, ஒரே மகள். கூடப் பிறந்தது ஒரே அண்ணன். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணனைப் பெரியப்பா குடும்பத்தோடு சேர்த்து இந்தியாவுக்குப் போகும் பட்டியலில் எழுதிவிட்டார்கள். முதலில் சில கடிதங்கள் வந்தனவாம், பிறகு இல்லை. அக்காவுக்கு அண்ணன் மேல் பாசம் பாதி என்றால், ஊர் வாயின் மேல் கோபம் மீதி. மகள் பெரிய மனுஷியானபோது குச்சில் கட்டவும் சீர் வைக்கவும் தாய்மாமன் இல்லாமல், புருஷன் வீட்டார் பின்னால் நின்று சிரித்திருக்கிறார்கள். "மாமன் இல்லாத புள்ள" என்று பேசியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு மூக்கு நுனி சிவக்கும்.

"கல்யாணத்துக்காவது எங்கண்ணன் வந்து நின்னு மால போடணும் புள்ள. அன்னைக்கு வாயில அடிச்ச மாதிரி இருக்கும் அவங்களுக்கு."

அவருடைய விவரத்தைத் தளத்தில் போட்டு வெகுகாலம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு காலையில், கோத்தகிரியில் ஏதோ நெட் கடையிலிருந்து மெயில் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் யாரோ அடித்திருந்தார்கள். அக்கரை போனவர்களின் சங்கக் கூட்டத்தில் நம் தளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், பேர், தோட்டம் எல்லாம் சரியாக இருப்பதாகவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: தங்கச்சி இன்னமும் தூக்கத்தில் எழும்பி நடக்கிறாளா?

நான் அதை வாசித்ததும் அக்கா கருவாட்டுக் கடை அதிரச் சிரித்தார். ராத்திரியில் எழும்பி நடந்து லயத்து வாசல் சாக்கடைக் கானில் விழுந்துவிடுவார் என்று அண்ணன் தன் காலையும் தங்கையின் காலையும் பழைய சேலைக் கிழிசலால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படுப்பாராம். சிரித்துக்கொண்டே சொன்னவர் நடுவில் நிறுத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முதலாளி தராசைப் போட்டுவிட்டு வந்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது, கந்தப்பளைப் பக்கத்து மாப்பிள்ளை, அண்ணன் வந்தால்தான் கல்யாணம் என்று எழுதச் சொன்னார். அண்ணன் பதில் எழுதினார். வேலையிலிருந்து நிற்கும் காலம் வந்துவிட்டது, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், மகன் இருக்கும் ஊருக்குப் போகிறோம், எந்த வீடு என்று இன்னும் முடிவாகவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். புது இடம் போனதும் விலாசமும் டெலிபோன் நம்பரும் இதே மெயிலுக்கு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வராமல் இருப்பேனா?

அந்த அச்சுத் தாளை அக்கா மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஆவணியில் வைத்திருந்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிப்போடச் சம்பந்தி வீட்டாரிடம் பேசப் போவதாகச் சொன்னார்.

அடுத்த மாதமோ அதற்கு அடுத்ததோ, காலையில் கடை திறந்து தளத்தைப் போட்டால் எங்கள் பக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ விளம்பரம். இந்தப் பெயரின் தவணை முடிந்துவிட்டது என்று ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருந்தது. மெயிலும் திறக்கவில்லை. லைன் கோளாறு என்று நினைத்து டெலிபோன் வயரைக் கழற்றி மாட்டினேன். மழை நாளில் அப்படித்தான் செய்வோம். வயரில் ஒரு குறையும் இல்லை.

அதுவரை வருடா வருடம் தம்பிதான் புதுப்பிப்பார், நாங்கள் காசு அனுப்புவோம். இந்த முறை அவரிடமிருந்து நினைவூட்டலே வரவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நம்பருக்கு அடித்தால் அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது. பெயர்களைப் பதியும் வெளிநாட்டுக் கம்பனிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். காசு கட்ட நாங்கள் தயார், எப்படிக் கட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள். உரிமையாளர் கேட்டால்தான் பேசுவோம், நீங்கள் உரிமையாளர் இல்லை என்று பதில் வந்தது. இந்தத் தளத்தில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் அடித்தது நான்தான் என்று திரும்ப எழுதினேன். வேறொருவர் அதே பதிலை அனுப்பி, கடைசியில் இன்றைய நாள் உங்களுக்கு இனியதாக அமையட்டும் என்று வாழ்த்தியிருந்தார். எழுந்து போய்க் கருவாட்டு மூட்டையை உதைத்தேன். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கால் விரல் வீங்கியது.

முதலாளியும் நானும் கொழும்புக் கோச்சி ஏறினோம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் இறங்கியதிலிருந்து வெள்ளவத்தை போய்ச் சேரும் வரை நிறுத்தி நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். ஹட்டனிலிருந்து எதற்கு வந்தாய் என்று கேட்ட பொலிஸ்காரரிடம், தொலைந்துபோன வெப்சைட்டைத் தேடி வந்தேன் என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது? மாமாவோடு மருந்தெடுக்க வந்தேன் என்றேன். முதலாளி பொருத்தமாக இருமினார்.

தம்பியின் கம்பனி இருந்த மாடியில் இப்போது பெண்களின் சலூன். முடிக்கு ஏதோ பூசிக்கொண்டிருந்த பெண், முன்பு இருந்தவர்கள் காலி பண்ணிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றாள். முதலாளி வாசலிலேயே நின்றார். பெண்கள் தலைவிரித்து உட்கார்ந்திருந்த இடத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இது நல்ல விலாசம்டு நெனச்சேனே மகள்," என்றார்.

யார் யாரையோ பிடித்து, கடைசியில் தம்பி கட்டாரில் வேலைக்குப் போயிருப்பதாகக் கண்டுபிடித்தோம். கம்பனியை இழுத்து மூடிவிட்டாராம், குடும்பத்துக் கஷ்டம். விஷயம் போய்ச் சேர்ந்ததும் பாவம், அவரே கடைக்கு டெலிபோன் பண்ணினார். அவரை வாங்கு வாங்கு என்று வாங்க நான் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறன். பேர் என்ட பேரிலதான் கிடக்கு. ஆனா பாஸ்வேர்டை மறந்துபோனன். புதுசு கேட்டா என்ட பழைய கம்பனி மெயிலுக்குத்தான் அனுப்புறாங்கள். கம்பனிட பேரையும் நான் புதுப்பிக்கேல்லை. அந்த மெயிலே இப்ப இல்லை."

"அப்ப நீங்கதான் நீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னனான். பழைய விலாசத்துக்கு என்ட பேரில வாற கரண்ட் பில் கேக்கிறாங்கள். அந்த விலாசத்தில நான் இல்லையே அக்கா."

உரிமையாளரே உள்ளே போக முடியாமல் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் நான் யாரைத் திட்டுவது? தம்பி மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, காசு தீர்ந்து லைன் அறுந்தது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் பெயரை எங்கேயோ இருக்கும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு மெலிவதற்கு மருந்து விற்றாள்.

நடுவில் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தோம். இலவச மெயில் ஒன்றைத் திறந்து கோத்தகிரி நெட் கடைக்கு எழுதினேன். அந்தப் பெரியவர் வீட்டைக் காலி பண்ணிப் போய் நாளாகிறது, இப்போது இங்கே வருவதில்லை, போன ஊர் தெரியாது என்று ஒற்றை வரி வந்தது. அந்தத் தோட்டத்துக்குத் தபாலிலும் எழுதினோம், பதிலில்லை. ஆக, அண்ணனுக்குத்தான் நம் விலாசம் தெரியும், நமக்கு அவருடையது தெரியாது. அவருக்குத் தெரிந்த அந்த ஒரே விலாசமும் போய்விட்டது.

அக்கா ஞாயிறு தவறாமல் வந்தார். சாமான் பை தோளில் தொங்க, தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வந்துச்சுங்களா புள்ள?"

மெஷின் பழுதாகியிருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பேன். முழுப் பொய்யும் இல்லை. முதலாளி பருப்பு நிறுத்தபடியே, "வரும், வரும், அல்லாஹ் பெரியவன்," என்பார். அக்காவும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். தை மாதமும் கிட்ட வந்துவிட்டது. இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போடச் சொன்னார் அக்கா. போட்டேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நானும் முதலாளியும் போயிருந்தோம். அக்கா மணவறையைப் பார்க்காமல் கோயிலுக்கு ஏறும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் கழுத்தை நீட்டினார். பூசாரி, "பொண்ணோட தாய்மாமன் வாங்க, மாலையப் போடுங்க," என்று கூப்பிட்டார். யாரும் எழும்பவில்லை. அவர் மறுபடியும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். பின்வரிசையில் புருஷன் வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முறைக்கு மாமன் ஆகிற ஒரு பையனை யாரோ தள்ளிவிட, அவன் வெட்கத்தோடு போய் மாலையைப் போட்டுவிட்டு வந்தான். எனக்கு அந்தப் பெண்களின் கொண்டையைப் பிடித்து ஆட்ட வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் செய்யாமல் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு புள்ள. அந்த விலாசம் போயிருச்சுன்னு எனக்குத் தெரியும். அண்ணன் எழுதியிருந்தா அந்தக் கடுதாசி இப்ப எங்க கெடக்கும்?"

"எங்கயாவது ஈக்கும் தங்கச்சி," என்றார் முதலாளி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"எங்கயும் கெடக்காதுக்கா. அனுப்பின கையோட அவருக்கே திரும்பிப் போயிரும்."

"சும்மா போகுமா? எதாச்சும் எழுதித்தான் திருப்பி அனுப்பும்?"

என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும். பெயர் பறிபோன வாரத்தில் நானே எங்கள் விலாசத்துக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்திருந்தேன்.

"இப்படி ஒரு விலாசம் இல்ல, இங்க யாரும் இல்லன்னு எழுதி வரும்."

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு, "இங்கிலீசுலயா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

அவருடைய முகம் தெளிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கிறேன்.

"அப்ப அண்ணனுக்கு வெளங்கியிருக்காது. அவருக்கு ஏது இங்கிலீசு? நாந்தான் பதில் போடலைன்னு கோவமா இருப்பாரு, அவ்வளவுதான். கோவம் போனா மறுபடி எழுதுவாரு."

சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டார். நான் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். அந்த ஊரிலும் ஒரு கடையில், ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால், என்னைப் போல நாலு எழுத்துப் படித்த ஒருத்தி உட்கார்ந்திருந்திருப்பாள். திரையைப் படித்துவிட்டுத் திரும்பி, வயசானவருக்குக் காது கேட்காதோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பாள்: "ஐயா, இந்த அட்ரஸ்ல அப்படி யாருமே இல்லையாம்."